கறுப்பு மையில் நம் பிள்ளைகளை எப்படி வரைவது?

தொங்கல் காம்பரா (ஹட்டன்)

அனைவருக்கும் வணக்கம். ஆரம்பப் பிரிவில் கற்பிக்கிறேன். தரம் 2, 3 பிள்ளைகளுக்காக 24 பக்கத்தில் ஒரு கதைப் புத்தகம் எழுதியிருக்கிறேன். கதை மிகச் சின்னது. மழை நாளொன்றில் அக்கா ஒருத்தி பாடசாலை விட்டதும், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்குப் போய்த் தம்பியைக் கூட்டிக்கொண்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வருகிறாள். வழியில் ஓர் ஆட்டுக்குட்டி அவர்களோடு சேர்ந்துகொள்கிறது. அவ்வளவுதான். பணம் இல்லாததால் ஒரே மையில், கறுப்பில், அச்சிடப் போகிறோம். படமும் நானே வரைகிறேன்.

சிக்கல் இதுதான். அக்காவின் முகத்தை வெறும் கோட்டால் வரைந்தால் தாளின் வெள்ளையே அவளுடைய தோலாகிவிடுகிறது. யாரோ வெள்ளைக்காரப் பிள்ளை நம் தோட்டத்துக்குச் சுற்றுலா வந்ததுபோல் இருக்கிறது. சரி, நிறத்தைக் காட்டுவோம் என்று கன்னத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டேன். பக்கத்து வகுப்பு ஆசிரியை பார்த்துவிட்டு, "ஏன் டீச்சர், இந்தப் பிள்ளையை இன்றைக்குக் குளிப்பாட்டவில்லையா?" என்று கேட்டார். சிரித்தேன். ஆனால் அன்றிரவு முழுவதும் அந்தக் கேள்வி போகவில்லை.

பழைய புத்தகங்களில் பிள்ளைகளை எப்படி வரைந்தார்கள்? வரையத் தெரிந்தவர்கள், அச்சுத் தெரிந்தவர்கள், வாசித்தவர்கள் எல்லோரும் சொல்லுங்கள்.

---

குறிஞ்சிப் பூ (பண்டாரவளை)

டீச்சர், கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் தாயாக எழுதுகிறேன். நகரத்துக் கடைகளில் பளபளவென்று நிறப் புத்தகங்கள் தொங்குகின்றன. நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் கறுப்பு வெள்ளை? நாங்கள் சின்ன வயதில் போட்டதே அண்ணன்மார் போட்டுத் தேய்ந்த சட்டைகள். புத்தகத்திலும் அப்படியொரு தேய்ந்த சட்டையையா கொடுக்க வேண்டும்? இன்னும் ஒரு வருடம் காசு சேர்த்து நிறத்தில் போடுங்கள்.

---

அச்சுக்கூடத்தான் (கண்டி)

குறிஞ்சி அக்காவின் பேச்சில் நியாயம் உண்டு. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். முழு நிறம் என்றால் நான்கு மை, நான்கு தகடு. ஒரே மை என்றால் ஒரு தகடு. இரண்டுக்கும் செலவு எந்த அளவுக்கு விலகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

நான் ஈய எழுத்துக் காலத்து ஆள். டீச்சரின் சிக்கல் டீச்சருடையது மட்டுமல்ல, அச்சின் சிக்கலும்கூட. அந்தக் காலத்தில் கோட்டுப் படத்துக்கு 'லைன் பிளாக்' செய்வோம். படத்தைப் புகைப்படமாக எடுத்து, ஒளிபட்டால் இறுகும் பூச்சுள்ள துத்தநாகத் தகட்டில் பதித்து, அமிலத்தில் இடுவார்கள். கோடு இருக்கும் இடம் மேடாக நிற்கும், மற்ற இடமெல்லாம் கரைந்து பள்ளமாகும். மேட்டில் மை ஏறும், பள்ளத்தில் ஏறாது. அதாவது மை உண்டு அல்லது இல்லை. சாம்பல் நிறம் என்று ஒன்று அந்தத் தகட்டுக்குத் தெரியாது. சாம்பல் வேண்டுமானால் கோடுகளை நெருக்கிப் போட்டுக் கண்ணை ஏமாற்ற வேண்டும், அல்லது புள்ளி வைக்க வேண்டும்.

மலிவான தாளில் நெருக்கமான கோடு என்ன ஆகும் தெரியுமா? மை ஊறி இரண்டு கோடும் ஒட்டிக்கொள்ளும். கன்னத்தில் நிழல் போட்டால் மீசை முளைத்துவிடும். எங்கள் கூடத்தில் ஒரு கல்யாண மலரில் மணப்பெண்ணுக்கே அப்படி ஆகி, நான் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது.

இன்றைய ஓப்செட் அச்சில் சாம்பலும் வரும். ஆனாலும் என் ஆலோசனை, படத்தை அச்சாகும் அளவைப்போல் இரண்டு மடங்கு பெரிதாக வரையுங்கள். சுருக்கும்போது கைநடுக்கமும் சுருங்கிவிடும். ஆனால் கோடும் பாதியாக மெலியும், இடைவெளியும் பாதியாகும். அதை மறந்து நெருக்கமாகப் போட்டுவிடாதீர்கள்.

---

பழம்புத்தகப் பெட்டி (பதுளை)

என் மனதுக்குப் பிடித்த பேச்சு இது, கொஞ்சம் நீளமாக எழுத அனுமதியுங்கள்.

துத்தநாகத் தகட்டுக்கு முன்னால் மரம். நியூகாசிலில் தோமஸ் பியூயிக் (1753–1828) என்றொரு செதுக்குக்காரர் இருந்தார். பொக்ஸ்வுட் என்ற கெட்டியான மரத்தைக் குறுக்காக அறுத்து, அந்த வெட்டுமுகத்தில் நுண்ணிய உளியால் கோடு கீறினார். கீறிய இடம் வெள்ளை, கீறாமல் விட்டது கறுப்பு. பேனா பிடிப்பவர் வெள்ளைத் தாளில் கறுப்பைச் சேர்க்கிறார். இவர் கறுப்பிலிருந்து வெளிச்சத்தைத் தோண்டி எடுத்தார். 1797இலும் 1804இலும் இரண்டு பாகங்களாக வந்த அவருடைய பறவைகள் நூலில் பறவைகளைவிட எனக்குப் பிடித்தவை பக்கக் கடைசியில் மிஞ்சிய இடத்தில் அவர் வைத்த குட்டிப் படங்கள். கல்லறைக் கற்களின் மேல் குதிரை ஓட்டும் பையன்கள் ஒரு படத்தில் இருப்பார்கள். இன்னொன்றில் ஒரு குழந்தை குதிரைக்குட்டியின் வாலைப் பிடித்து இழுக்கும், தாய் பதறி ஓடிவருவாள். எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும். அந்தப் பிள்ளைகளுக்கு முகமே சரியாகத் தெரியாது. உடம்பு வளைந்திருக்கும் விதத்திலேயே குறும்பு தெரியும்.

1847இல் வந்த 'ஜேன் அயர்' நாவலின் முதல் அத்தியாயத்தில், வீட்டாருக்கு வேண்டாத ஒரு சிறுமி யன்னல் திரைக்குப் பின்னால் ஒளிந்து ஒரு படப் புத்தகம் பார்ப்பாளே, அது இந்தப் பியூயிக்கின் பறவை நூல்தான். அதில் இருந்ததும் கறுப்பு வெள்ளைதான்.

அடுத்தது 1865. அந்த ஒரே வருடத்தில் இரண்டு புத்தகங்கள் வந்தன, இரண்டுக்கும் மரச் செதுக்குப் படங்கள். ஒன்று ஜெர்மனியில் வில்ஹெல்ம் புஷ் எழுதி வரைந்த 'மக்ஸும் மொரிட்ஸும்'. இரண்டு பையன்களின் ஏழு அட்டகாசங்கள். கடைசியில் இருவரையும் மாவு ஆலையில் போட்டு அரைத்து வாத்துகளுக்குத் தீனியாக்கிவிடுவார்கள்! மற்றது ஆலிஸ் அற்புத உலகத்துக்குப் போன கதை. அதற்கு ஜோன் டெனியல் 42 படங்கள் வரைந்தார், டால்சியல் சகோதரர்களின் கூடத்தில் மரத்தில் செதுக்கினார்கள். முதல் அச்சில் படங்கள் சரியாக விழவில்லை என்று டெனியல் குறை சொல்ல, அந்தப் பதிப்பையே விலக்கிக்கொண்டு மறுபடி அச்சிட்டார்கள். கதையை எழுதியவர் தாமே 37 படங்கள் வரைந்த கையெழுத்துப் பிரதியொன்றை 1864இல் ஆலிஸ் லிடெல் என்ற உண்மையான சிறுமிக்குக் கொடுத்திருந்தார். அந்தச் சிறுமிக்கோ கறுத்த கட்டை முடி, நெற்றியில் வெட்டிவிட்ட முடி. டெனியலின் ஆலிஸுக்கு நீண்ட வெளிர் முடி. உலகம் நினைவில் வைத்திருப்பது டெனியலின் பிள்ளையைத்தான்.

டீச்சர், நீங்கள் தீட்டப்போகும் முகத்துக்கும் அந்தப் பலம் வரலாம். பார்த்து வரையுங்கள்.

---

மழைக்காகம் (பொகவந்தலாவை)

பெட்டி ஐயா, அருமை. ஆனால் நியூகாசில் போய், ஜெர்மனி போய், முயல் பொந்துக்குள்ளும் இறங்கிவிட்டோம். எப்போது லயத்துக்கு வரப்போகிறோம்?

நம்மைக் கறுப்பு வெள்ளையில் ஏற்கெனவே நிறையப் பேர் பிடித்துவிட்டார்கள். கொழும்பில் ஸ்கீன், பிளேட்டே போன்ற புகைப்பட நிலையங்கள் தேயிலை மலைக் காட்சிகளை அந்தக் காலத்திலேயே விற்றன. அந்த மாதிரிப் படங்களை எங்கே கண்டாலும் நான் ஒன்றைக் கவனிப்பேன், படம் எடுத்தவர் எங்கே நிற்கிறார் என்று. பெரும்பாலும் மேல் ரோட்டில் நிற்பார். தோட்டத்துரை நின்று பார்க்கும் இடம். அங்கிருந்து பார்த்தால் கொழுந்தெடுப்பவர்கள் பச்சைக்குள் புள்ளிகள், பிள்ளைகள் புள்ளிக்குள் புள்ளிகள். கிட்டே வந்தால் இரண்டே சாமான்கள்தான் கிடைக்கும். ஒன்று கூடை தூக்கிய சிரிப்பு, தேயிலைப் பெட்டிக்கு ஒட்ட. மற்றது மூக்குச்சளி, கிழிந்த சட்டை, பெரிய கண்கள், அறிக்கைகளின் அட்டைக்கு.

என் அம்மாவைக் கேட்டால் சொல்வார், "சளி எல்லாப் பிள்ளைக்கும்தான் வரும், எங்கள் பிள்ளைக்கு வந்தால் மட்டும் படம் எடுக்கிறார்கள்."

டீச்சருக்கு என் ஆலோசனை முகத்தைப் பற்றியதே அல்ல. நீங்கள் எங்கே நின்று வரைகிறீர்கள்? தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் நின்று, பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து வரைந்தால், அந்தப் பிள்ளை வேறு.

---

பழம்புத்தகப் பெட்டி

காகம் தம்பி, பொகவந்தலாவையில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? முயல் பொந்தின் மறுவாய் உங்கள் ஊரில்தானே திறக்கிறது!

ஜூலியா மார்கரெட் கமரன். கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர். 48ஆவது வயதில்தான் கெமரா கையில் கிடைத்தது. பிள்ளைகளுக்கு அன்னச் சிறகுகளைக் கட்டித் தேவதூதர்களாக நிறுத்திப் படமெடுத்தவர். வளர்ந்துவிட்ட ஆலிஸ் லிடெலை 1872இல் படம் பிடித்தவரும் இவரே. அந்தப் படங்களில் ஆலிஸ் சிரிக்கவே மாட்டாள், நேராக நம்மைப் பார்ப்பாள். கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இங்கே வந்தார்கள். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இறந்து, பொகவந்தலாவை சென்ற் மேரிஸ் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார்.

---

மழைக்காகம்

அந்தத் தேவாலயத்தைத் தாண்டித்தான் பாடசாலைக்குப் போனேன்! அங்கே யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மா இருக்கிறார் என்றுதான் தெரியும். ஆலிஸைப் படமெடுத்தவர் என்று எவரும் சொல்லவில்லை. சரி, தோற்றேன்.

ஆனாலும் ஒன்று. எங்கள் பிள்ளைகளுக்குச் சிறகு கட்ட வேண்டாம். மழைக்கு உரச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையாகப் போவார்களே, அதைவிட நல்ல சிறகு உண்டா?

---

ஏழாம் நம்பர் மலை (தலவாக்கலை)

டீச்சர், நான் சித்திரம் படிக்கும் மாணவன். கொங்காணி என்றதும் எழுதத் தோன்றியது.

நிறச் சிக்கலை நம் பக்கத்திலேயே ஒருவர் தீர்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். 1930இல் தாகூர் வங்காளப் பிள்ளைகளுக்காக எழுதிய 'சஹஜ் பாட்' என்ற அரிச்சுவடிக்கு நந்தலால் போஸ் லினோவில் செதுக்கிய படங்கள். லினோ என்றால் தரையில் விரிக்கும் லினோலியம் விரிப்புத்தான். மரத்தைப்போல் நரம்பு கிடையாது, வெண்ணெய் வெட்டுவதுபோல் வெட்டலாம். அந்தப் படங்களில் மனிதர்கள் கறுப்புத் திரளாக நிற்கிறார்கள். கறுப்பு அங்கே நிழலுமில்லை, அழுக்குமில்லை. அதுவே உடம்பு. அந்தக் கறுப்புக்குள் ஒரு வெள்ளைக் கீறல் போட்டால் முந்தானை, இன்னொன்று போட்டால் கை.

பேனாவால் வரையும்போது வெள்ளைதான் இயல்பு, கறுப்பு நாம் சேர்க்கும் கறை. செதுக்கினால் அது தலைகீழ். பிள்ளை கறுப்பாகவே பிறக்கிறது. வெளிச்சம்தான் வந்து சேர்கிறது. டீச்சர் கேட்டதற்கு இது நேர் விடை இல்லையா?

இதே வரிசையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் சுருக்கப் பதிப்புக்குச் சத்யஜித் ராய் விளம்பர நிறுவனத்தில் வேலை செய்த காலத்தில் படம் வரைந்தார். அந்தப் படங்கள் சிலவற்றைத்தான் பிறகு 1955இல் வந்த திரைப்படத்தில் காட்சிகளாக எடுத்தார். முதலில் புத்தகத்தில்தான் அக்காவும் தம்பியும் அவர் கண்ணுக்குத் தெரிந்தார்கள். உங்கள் கதையும் அக்கா, தம்பி, மழை!

லினோ கிடைக்காவிட்டால் தேய்ந்த ரப்பர் செருப்பின் அடி போதும். வேலைப்பயிற்சிக்கு நாங்கள் அதில்தான் வெட்டுகிறோம். பிளேடால் வெட்டும்போது விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

குறிஞ்சிப் பூ

எல்லோரும் அழகாகப் பேசுகிறீர்கள். ஒரு கேள்வி மட்டும். இந்தக் கறுப்பு உடம்பு பெரியவர்களான உங்களுக்குக் கலையாகத் தெரிகிறது. என் மகள் தரம் 1 படிக்கும்போது அவளைக் 'கறுப்பி' என்று கூப்பிட்டார்கள். மூன்று நாள் பாடசாலைக்குப் போக மாட்டேன் என்றாள். அவள் கையில் முழுக் கறுப்பில் ஒரு பிள்ளையின் படத்தைக் கொடுத்தால் என்ன நினைப்பாள்?

எங்கள் வாசிப்புப் புத்தகத்தில் இருந்த பிள்ளைகள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறார்கள். 1980இல் இலவசப் பாடநூல் வந்த பிறகு படித்த தலைமுறை நாங்கள். அப்பா கதிரையில் பத்திரிகை வாசிப்பார், அம்மா பூமரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார், வீட்டுக்கு முன்னால் கேற். எனக்குக் கேற் என்ற சொல்லைவிட அந்தக் கேற்றின் மேல் ஆசை. அந்தப் பிள்ளைகளின் முகம் வெள்ளைத் தாள் நிறம்தான். நான் பென்சிலால் அவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டு, மூக்குத்தி வைத்து, என்னைப்போல் ஆக்கினேன். அடியும் வாங்கினேன்.

---

பழம்புத்தகப் பெட்டி

மகளே, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். பதில் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. ஒரு செய்தி மட்டும் சொல்கிறேன். ஆர்.கே. நாராயணின் கதைகளுக்கு அவர் தம்பி ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த படங்களில் பெரும்பாலும் தோல் தாள் வெள்ளைதான். ஆனாலும் எவனும் அந்தப் பையன்களை வெள்ளைக்காரப் பையன் என்று நினைக்க மாட்டான். திண்ணை, வேட்டி, தெரு நாய், பையன் நிற்கும் வளைவு, இவையே அவனை நம் பையனாக்குகின்றன. நீங்கள் பென்சிலால் போட்ட பின்னலும் மூக்குத்தியும் அதே வேலையைத்தானே செய்தன?

எனவே முழுக் கறுப்பு மட்டுமே வழி என்று மாணவத் தம்பி சொன்னாலும் நான் முழுதாக ஒப்பமாட்டேன்.

இடையில் அம்புலிமாமாவையும் சொல்லிவிடுகிறேன். 1947இல் தொடங்கியது, எங்கள் வீட்டுக்குப் பதுளைக் கடையொன்றிலிருந்து வரும். 1952இல் சேர்ந்த ஓவியர் சங்கரின் விக்கிரமாதித்தன், தோளில் வேதாளம், உருவிய வாள். கோடு என்றால் அது கோடு. ஆனால் அதில் வரும் பிள்ளைகள் எனக்கு ஒருபோதும் பிள்ளைகளாகப் படவில்லை. சின்ன அளவில் செய்த பெரியவர்கள். இளவரசன் ஐந்து வயதிலேயே மார்பை நிமிர்த்தி நிற்பான். இது என் சொந்தக் குறை, அம்புலிமாமா பிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

---

ஏழாம் நம்பர் மலை

சண்டைக்கு வந்துவிட்டேன் ஐயா. வேதாளத்தைச் சொல்லிவிட்டு, இங்கே நம் நாட்டில் இருந்தவரை விட்டுவிட்டீர்களே! சிபில் வெத்தசிங்க (1927–2020). காலிப் பக்கம் கிந்தோட்டையில் பிறந்து, பத்திரிகையில் வரையத் தொடங்கியவர். 1956இல் வந்த அவருடைய குடைத் திருடன் கதையில், குடையே கண்டிராத ஊருக்கு ஒருவர் நகரத்திலிருந்து குடை வாங்கி வருவார், ஒவ்வொன்றாகக் களவு போகும். கடைசியில் திருடன் ஒரு குரங்கு. குடைகள் மரத்தில் தொங்கும். அவர் வரையும் ஆட்கள் பொம்மைபோல் உருண்டையானவர்கள். தோலின் நிறம் பற்றி யோசிக்கவே தோன்றாது, அவ்வளவு உயிர்.

குறிஞ்சி அக்கா, உங்கள் மகளைப் பற்றி எழுதியது மனதைத் தைத்தது. கறுப்பைக் கெட்டதற்கு மட்டும் வைத்தால்தான் கறுப்பு வலிக்கும். அக்காவும் கறுப்பு, தம்பியும் கறுப்பு, ஆயம்மாவும் கறுப்பு, நல்ல தலைமை ஆசிரியரும் கறுப்பு என்றால் யாரை யார் கேலி செய்வது?

---

குறிஞ்சிப் பூ

தம்பி, நன்றாகச் சொன்னீர்கள். ஆனாலும் முதலில் அட்டைக்காவது நிறம் கேட்பேன். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

---

மழைக்காகம்

எனக்கும் ஒரு கலைப்படைப்பு உண்டு, இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நாங்கள் உயர்தரம் படிக்கும்போது ரோனியோவில் ஒரு கையேடு போட்டோம். மெழுகுத் தாளில் கூரான ஊசியால் கீறி, உருளையில் மாட்டிச் சுற்றினால் கீறிய வழியே மை கசிந்து இறங்கும். பீலிக்கரையில் முகம் கழுவும் பையன் ஒருவனை வரைந்தேன். கண்ணை வட்டமாகக் கீறினேன். பத்துப் பிரதி நன்றாக வந்தது. பிறகு வட்டத்துக்குள் இருந்த மெழுகுத் துண்டு பெயர்ந்து விழுந்து, பையனுக்குக் கண் இருந்த இடத்தில் மைக்குட்டை. மிச்சப் பிரதிகளில் எல்லாம் பேய் முகம் கழுவியது.

---

அச்சுக்கூடத்தான்

ஓ என்ற எழுத்துக்கும் அதே கதி தம்பி! தட்டச்சில் ஆங்கில வட்ட எழுத்தை அழுத்தித் தட்டினால் நடு விழுந்துவிடும். அதனால்தான் பழகியவர்கள் கண்ணை மூடிய வட்டமாகக் கீறமாட்டார்கள். மேலே ஒரு வளைவு, உள்ளே ஒரு புள்ளி, கீழே வெறுமை. விந்தை என்னவென்றால் அந்தக் கண்தான் அதிகமாகப் பார்க்கும்.

'வின்னி த பூ' என்ற கரடிக் கதை 1926இல் வந்ததே, ஷெப்பர்டின் படங்களைப் பார்த்திருக்கிறீர்களா? கரடிக்குக் கண் ஒரு புள்ளி. பையனுக்கும் ஏறக்குறைய அதுவே. ஆனால் காட்டைத் தாராளமாக வரைவார். மரத்தின் தோலுக்கு ஆயிரம் கோடு, பிள்ளைக்குப் பத்துக் கோடு. சுற்றிலும் வெள்ளைத் தாள் விட்டுவிடுவார். என் அனுபவத்தில் புதிதாக வரைபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். பிள்ளையின் முகத்தில் எல்லாக் கோட்டையும் செலவழித்துவிட்டு மரத்துக்கு மிச்சம் வைக்கமாட்டார்கள்.

இன்னொன்று, மூடுபனி. பேனாக்காரருக்கு மூடுபனி இலவசம், ஒன்றும் வரையாமல் விட்டால் போதும். செதுக்குகிறவருக்கோ அதுதான் வேலை, அவ்வளவு இடத்தையும் தோண்டி எடுக்க வேண்டும். டீச்சர் செருப்பில் வெட்டப்போவதாக இருந்தால் பனிப் பக்கங்களை எண்ணிப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள். கை வலிக்கும்.

---

தொங்கல் காம்பரா

எல்லோருக்கும் நன்றி. ஐந்து நாள் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். இரவில் வெட்டிக்கொண்டிருந்தேன்.

செய்தது இது. அக்காவையும் தம்பியையும் ஆட்டுக்குட்டியையும் ரப்பரில் வெட்டினேன். மலை, லயம், மழை, பனி எல்லாம் பேனாவில். இரண்டையும் ஒரே தாளில் சேர்த்துப் பார்த்தேன். ஆட்கள் கனமாக, கறுப்பாக நிற்கிறார்கள். சுற்றிலும் மலை மெல்லிய கோடாக, பாதி பனிக்குள் போய்விடுகிறது. இத்தனை வருடமாக மலை பெரிதாகவும் நாங்கள் புள்ளியாகவும் இருந்த படம் தன்பாட்டில் திரும்பிவிட்டது. காகம் அண்ணன் சொன்னபடி குனிந்து நின்று வரைந்தேன். தேயிலைச் செடி அக்காவின் தோளுக்கு மேலே வருகிறது. அவளுக்கு அது காடு.

முகத்தில் கண், மூக்குத்தி, பல் மட்டும் வெள்ளை. குறிஞ்சி அக்கா, மூக்குத்தி உங்கள் நினைவாக. அட்டைக்கு நிறம் கேட்டுப் பார்க்கிறேன், ஒருவர் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்று ஐந்து படங்களைத் தரம் 2 பிள்ளைகளிடம் கொடுத்தேன், ஒன்றும் சொல்லாமல். யாரும் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை. 'கறுப்பி' என்று யாராவது சொல்வார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன், சொல்லவில்லை. ஒருநாளை வைத்து நான் எதையும் முடிவு கட்டவில்லை. ஆட்டுக்குட்டிக்குப் பெயர் வைத்தார்கள், அதற்கு ஒரு சண்டை. கொங்காணியில் உர எழுத்து ஏன் இல்லை என்று ஒரு மகள் கேட்டாள். சரிதான், சாக்கில் எழுத்து இருக்கும்.

பிறகு கடைசிப் பக்கம், லயத்துக்கு வந்து சேரும் படம். ஏழு காம்பராக்கள் வரைந்து, அக்கா, தம்பியின் வீட்டுக் கூரையிலிருந்து மட்டும் புகை போவதாகக் காட்டியிருந்தேன். அம்மா முன்னதாக வந்து அடுப்பு மூட்டிவிட்டார் என்பதற்கு அடையாளமாக. எனக்கு அந்தப் படத்தில் பெருமைகூட. பின் வாங்கில் இருக்கும், அதிகம் பேசாத ஒரு பையன் எழுந்துவந்து படத்தில் விரல் வைத்து ஒவ்வொரு கதவாக எண்ணினான்.

"டீச்சர், மற்ற வீட்டில் எல்லாம் இன்றைக்குச் சோறு இல்லையா?"

இரவு உட்கார்ந்து ஏழு கூரைக்கும் புகை போட்டுக்கொண்டிருக்கிறேன். அச்சுக்கூட ஐயா, பேனாப் புகை பனியோடு கலந்து தெரியாமல் போகுமா?

---

அச்சுக்கூடத்தான்

போகும். புகைக்குக் கோடு போடுங்கள், பனிக்குக் கோடே போடாதீர்கள், அப்போது பிரிந்து தெரியும். கூரைக்கு மேலே ஒரு விரல் உயரத்துக்கு மட்டும் கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக வையுங்கள். இன்னொன்று டீச்சர், அது இரண்டு பக்கமும் சேர்ந்த படம் என்றால் நடுவில் இருக்கும் நான்காவது வீடு மடிப்பில் மாட்டும். அந்தக் கதவை இடப்பக்கம் அரை அங்குலம் தள்ளி வரையுங்கள். இல்லாவிட்டால் அந்த வீட்டுப் புகை தையலுக்குள் போய்விடும், பையன் மறுபடி எண்ணுவான்.